நாகபட்டினத்துப் பெரும்பள்ளி

பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எம்மில் பலருக்கு மனம் கசக்கிறது. நாம் பட்ட அனுபவம் அப்படி. ஆயினும் தமிழருக்கும் புத்தருக்கும் இருந்த பழைய உறவை எம் பிள்ளைகள் அறியாமல் வளரக்கூடாது. ஆகவே நாகபட்டினக் கடற்கரையில் இருந்த சூடாமணி விகாரையைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

அதைக் கட்டியவர்கள் சோழர் அல்லர். கடல் கடந்த ஸ்ரீவிஜய, கடார நாட்டு மன்னன் சூடாமணிவர்மன் தொடங்க, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராசராசன், தனது 21ஆவது ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை இந்த விகாரைக்குக் கொடுத்தான். அவன் வாய்ச்சொல்லாய் இட்ட ஆணையை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான்.

21 ஏடுகள். வடமொழியில் 5, தமிழில் 16. பிடி ஒன்றை நடத்தி ஊரின் எல்லை குறித்தார்கள். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். ஆண்டு வருமானம் 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் விழுகிறது. கலத்துக்கு மேல் வரும் தூணி, குறுணி, நாழிவரை எழுதியிருக்கிறார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது!

1025 அளவில் இராசேந்திரனே கடாரத்தின்மேல் படையெடுத்தான். ஆனால் விகாரையின் கணக்கு மூடப்படவில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன் அதன் நிலங்களை மீண்டும் உறுதி செய்து வேறு 3 ஏடுகள் கொடுத்தான். இரண்டு தொகுதிகளும் பின்னாளில் ஒல்லாந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று தட்டுகள் கொண்ட செங்கற் கோபுரம் ஒன்று கடலோடிகளுக்கு அடையாளமாக 19ஆம் நூற்றாண்டுவரை நின்றது. சீனக் கோயில் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் அதைச் சொல்வர். அது சோழர் காலத்து விகாரையின் மிச்சமா, பின்பு சீனர் கட்டியதா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். 1846இல் சேர் வால்ரர் எலியட் நேரிற் பார்த்து விபரம் எழுதினார். 1867இல் சென்னை அரசின் அனுமதியுடன் இயேசுசபைப் பாதிரிமார் அதை இடித்தனர். பிற மதத்துக் கோயிலுக்கு ஊரையே எழுதிக் கொடுத்த மண்ணில், ஒரு கோபுரத்தை விட்டுவைக்க அன்றைய அரசுக்கு மனம் வரவில்லை.

மண்ணுக்குள் இருந்தவை தப்பின. 1856 முதல் 1930கள்வரை அவ்வூரில் ஏறத்தாழ 350 வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. பல சென்னை எழும்பூர் நூதனசாலையில் உள்ளன. புத்தர் படிமம் ஒன்றின் பீடத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. திருவிழாவில் எழுந்தருளச் செய்த படிமம் அது. புத்தர் கோயிலை அந்த எழுத்து ஆழ்வார் கோயில் என்றே சொல்கிறது.