ஆதார் பிரிண்ட் எடுக்கிறீர்களா?
பிரவுசிங் சென்டரில் ஆதார் பிரிண்ட் எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பேப்பரோடு கிளம்பிவிடுகிறார்கள், பி.டி.எஃப். ஃபைல் அங்கேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. பாஸ்வேர்ட் உண்டே என்பீர்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், பிறந்த ஆண்டு, அவ்வளவுதான்! தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம். வெறுமனே டெலிட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தி அழியுங்கள்.

வீட்டிலேயே மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து, டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். கடைசி 4 எண்கள் மட்டுமே தெரியும். லாட்ஜில் நான் நீட்டுவது இந்த நகலைத்தான்.

கைரேகையை லாக் செய்யும் வசதியும் அங்கே உண்டு. ரேஷன் கடைக்குக் கிளம்பும் முன் அன்லாக் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் மெஷின் உங்கள் விரலை ஏற்காது.