‘டியூறபிள்’: ஒரு சொல் அறிவோம்

மண்வெட்டிக்குப் பிடி போடும்போது வைரம் பாய்ந்த மரத்தையே தேடுகிறோம். அது பல போகம் உழைக்கும். அத்தகைய பொருளை ஆங்கிலத்தில் ‘டியூறபிள்’ என்பர். பாவனையையும் வெயில் மழையையும் தாங்கி நிலைப்பது என்பதே பொருள். வெறுமனே நீண்டுபோவதற்கு இச்சொல் பொருந்தாது. முகாம் வாழ்வு இருபது ஆண்டுகள் நீடித்தாலும் அது ‘டியூறபிள்’ ஆகாது.

இடம்பெயர்ந்தோர் பற்றிய ஆவணங்களில் ‘டியூறபிள் சொலூசன்’ என வருவது நிலைத்த தீர்வைக் குறிக்கும். சொந்த ஊர் திரும்பல், தஞ்சமடைந்த இடத்தில் வேரூன்றல், வேறிடத்தில் குடியேறல் என வழிகள் மூன்று. இடம்பெயர்வால் எழுந்த விசேட உதவி, பாதுகாப்புத் தேவைகள் நீங்கினால்தான் தீர்வு நிலைத்தது என்கிறது, 2010இல் வெளியான சர்வதேச வழிகாட்டி. ஆகவே அச்சொல்லைக் கண்டதும் கேட்போம்: வீட்டுடன் காணி உறுதி உண்டா? வயலுக்கு நீர் உண்டா? தெரிவு நம்முடையதா?