கார் திரை மெதுவாக இருக்கிறதா? திரையை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது. மானிட்டரை மாற்றினால் வேகமாகிவிடுமா?" ஆகாது. மானிட்டர் காட்டும் வேலையை மட்டும் செய்கிறது. கணக்குப் போடுவது, படம் வரைவது, கோப்பைத் திறப்பது எல்லாம் சி.பி.யு. பெட்டியின் வேலை.

இதே கேள்வி இப்போது காருக்குள் வந்துவிட்டது. ஸ்மார்ட்போனைக் கார் திரையோடு இணைத்து மேப் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். திரை மந்தமானால் உடனே திரையைக் குறை சொல்கிறோம். திரையை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். பல நேரங்களில் கோளாறு திரையில் இருப்பதே இல்லை. கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

போனையும் காரையும் இணைக்க இரண்டு முறைகள் பிரபலமானவை. ஐபோனுக்கு ஆப்பிள் கார்பிளே. ஆண்ட்ராய்ட் போனுக்குக் கூகுளின் ஆண்ட்ராய்ட் ஆட்டோ. இரண்டுமே 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்.

மேப் ஆப் உங்கள் போனில்தான் ஓடுகிறது. போன் அந்த மேப்பை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி, கார் திரைக்கு அனுப்புகிறது. கார் திரை அந்த வீடியோவை விரித்துக் காட்டுகிறது. நீங்கள் திரையைத் தொட்டால், தொட்ட இடம் எது என்ற தகவல் போனுக்குத் திரும்பிப் போகிறது. போன் அதற்கேற்பப் புதுப் படத்தை அனுப்புகிறது. அதாவது போன்தான் சி.பி.யு. பெட்டி. கார் திரை மானிட்டரும் மவுஸும் சேர்ந்தது.

இப்போது போனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேப் ஓட்ட வேண்டும், ஜி.பி.எஸ். பார்க்க வேண்டும், மொபைல் டேட்டா இழுக்க வேண்டும், வீடியோ தயாரிக்க வேண்டும். கூடவே சார்ஜும் ஏறுகிறது. இவ்வளவும் ஒரே நேரத்தில். மந்தமாவதில் வியப்பில்லை.

மூன்று நொடி தாமதத்தால் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. மேப் 3 நொடி தாமதமாகக் காட்டினால் நீங்கள் 33 மீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதுவே 50 மீட்டர். நம் காவிரி டெல்டாவில் பல சாலைகள் வாய்க்கால் ஓரமாகவே போகும். திரும்ப வேண்டிய மதகடியைத் தாண்டிவிட்டால் வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. அவசரத்தில் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிற பைக்குக்கு ஆபத்து. ஆகவே இதை வசதிக்குறைவு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

திருவிடைமருதூரில் உள்ள என் தம்பி முறை உறவினர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கும்பகோணத்திலிருந்து நவக்கிரக கோயில்களுக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துப் போவது அவர் தொழில். சூரியனார்கோயில், கஞ்சனூர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பயணிகள் திடீரென்று குலதெய்வக் கோயில் என்று ஏதாவது ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள். அப்போது மேப்தான் துணை. சில வாரங்களாக அவர் கார் திரையில் அம்புக்குறி காருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, டிஸ்ப்ளேயையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க. நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றார். மாற்றுவதற்கு முன் கீழே உள்ள மூன்று சோதனைகளைச் செய்தோம். நீங்களும் செய்யலாம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று சோதனைகள்

சோதனை 1: திரை மட்டும்.
போனைக் கழற்றிவிடுங்கள். திரையின் சொந்த மெனுவுக்குப் போங்கள். ரேடியோ ஸ்டேஷனை மாற்றுங்கள், சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். இவையும் மெதுவாக வந்தால் கோளாறு திரையில். உடனே வந்தால் திரை நன்றாக இருக்கிறது.

சோதனை 2: போன் மட்டும்.
போனைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் அதே மேப்பைத் திறங்கள். விரலால் நகர்த்துங்கள், பெரிதாக்குங்கள். இங்கேயே திணறினால் கோளாறு போனில் அல்லது நெட்வொர்க்கில்.

சோதனை 3: இணைப்பு.
திரையும் நன்றாக இருக்கிறது, போனும் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் மட்டும் மந்தம் என்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். கேபிள் என்றால் வேறு கேபிள் போடுங்கள். வயர்லெஸ் என்றால் ஒரு முறை கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள்.

எங்கள் சோதனையில் ரேடியோ மெனு பளிச்சென்று வந்தது. கையில் வைத்துப் பார்த்தபோது போன் கொஞ்சம் திணறியது. கேபிளை மாற்றியதும் பாதிக் குறை தீர்ந்தது. ஆக, திரையை மாற்றியிருந்தால் பணம் வீண்.

கேபிளைச் சரிசெய்வது எப்படி?

சில மலிவான கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும். அவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். டேட்டா போக வேறு கம்பிகளும் வேண்டும். டேட்டா கம்பி இல்லாவிட்டால் போன் இணையவே இணையாது. கம்பி இருந்தும் தரம் குறைவாக இருந்தால், இணையும், திணறும், திடீரென்று துண்டிக்கும்.

ஆண்ட்ராய்ட் ஆட்டோவுக்குக் கேபிள் 1 மீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறது கூகுள். எக்ஸ்டென்ஷன் கேபிள், யு.எஸ்.பி. ஹப் இரண்டையும் தவிர்க்கவும் சொல்கிறது. தம்பியின் காரில் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளும் அதன் முனையில் சார்ஜருக்காக வாங்கிய இன்னொரு கேபிளும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டு, போனோடு பெட்டியில் வந்த கேபிளை நேராகச் செருகினோம்.

காரில் இரண்டு யு.எஸ்.பி. போர்ட் இருந்தால் ஒன்று சார்ஜுக்கு மட்டும் என்று இருக்கலாம். காரின் கையேட்டைப் பாருங்கள். போனின் போர்ட்டுக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம்.

வயர்லெஸ் இணைப்பு

வயர்லெஸ் முறையில் போனும் காரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது புளூடூத் மூலம். அதன் பிறகு படம் போவது வை-பை மூலம். புளூடூத் இணைந்திருக்கிறது, ஆனால் படம் விட்டுவிட்டு வருகிறது என்றால் வை-பையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

* போனில் ஹாட்ஸ்பாட் ஓடினால் அணையுங்கள்.
* வி.பி.என். ஆப் இருந்தால் நிறுத்துங்கள்.
* வீட்டு வாசலில் மட்டும் மந்தம், தெரு தாண்டியதும் சரி என்றால், போன் வீட்டு வை-பையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.
* கார் திரையின் பட்டியலிலிருந்து போனை நீக்குங்கள். போனிலும் அந்தக் காரை நீக்குங்கள். பிறகு புதிதாக இணையுங்கள்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் நீண்ட பயணங்களுக்குக் கேபிளே போதும். தாமதம் குறையும், சார்ஜும் ஏறும்.

போனைச் சரிசெய்வது எப்படி?

சூடு: புறப்பட்டவுடன் நன்றாக இருந்து, அரை மணி நேரத்தில் மந்தமானால் முதல் சந்தேகம் சூடுதான். போன் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் சித்திரை வெயிலில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் கிடக்கும் போனின் கதி என்ன? போனை வெயில் படாத இடத்தில் வையுங்கள். தடித்த உறையைக் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜரும் சூட்டைக் கூட்டும். சார்ஜ் போதுமானால் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஐஸ் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

பேட்டரி சேவர்: இது பேட்டரியை மிச்சப்படுத்த வேலைகளைக் குறைக்கும். கார் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது என்பதால் இது தேவையில்லை. அணைத்துவிடுங்கள். ஐபோனில் இதன் பெயர் லோ பவர் மோட்.

இடம்: போன் நிறைய வாட்ஸ்அப் வீடியோக்கள் நிரம்பியிருந்தால் எல்லா ஆப்பும் திணறும். தம்பியின் போனில் நடந்ததும் இதுதான். தேவையற்றதை அழியுங்கள். பின் செட்டிங்ஸ், ஆப்ஸ், மேப்ஸ், ஸ்டோரேஜ் என்று போய் கிளியர் கேஷ் தட்டுங்கள். ஆண்ட்ராய்ட் ஆட்டோவுக்கும் அதையே செய்யுங்கள். கிளியர் டேட்டா என்று பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட வேண்டாம். உங்கள் செட்டிங்ஸ் அழிந்துவிடும்.

அப்டேட்: பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்ட் ஆட்டோ, மேப்ஸ், கூகுள் ஆப் மூன்றையும் புதுப்பியுங்கள். பிறகு போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பழைய வைத்தியம்தான், இங்கும் பலிக்கும்.

மேப் வெள்ளையாக நிற்கிறதா?

அம்புக்குறி நகர்கிறது, ஆனால் சாலைகள் தெரியாமல் திரை வெறுமையாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அதற்கு மொபைல் டவர் தேவையில்லை. ஆனால் மேப் படம் இன்டர்நெட்டிலிருந்து வர வேண்டும். டவர் சரியாகக் கிடைக்காத வயல்வெளிச் சாலையில் படம் வராது.

இதற்குத் தீர்வு ஆஃப்லைன் மேப். வீட்டில் வை-பையில் இருக்கும்போது கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டுங்கள். ஆஃப்லைன் மேப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் யுவர் ஓன் மேப் தட்டுங்கள். கட்டத்துக்குள் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் அடங்கும்படி வைத்து டவுன்லோட் கொடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இறக்கிய மேப்பையும் புதுப்பிக்க வேண்டும். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் வழியில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் நான்கு வழிச் சாலை 2025 ஜூலையில்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு முன் இறக்கி அப்படியே விட்ட மேப்பை நம்பினால் புதுச் சாலையில் உங்கள் கார் வயலுக்குள் ஓடுவது போலத் தெரியலாம்.

திரையே குற்றவாளி என்றால்?

முதல் சோதனையில் திரையே மெதுவாக இருந்தால் என்ன செய்வது? தனியாக வாங்கிப் பொருத்தும் பல திரைகள் தாமே ஒரு சிறு ஆண்ட்ராய்ட் கம்ப்யூட்டர். அவற்றுக்குச் சொந்தமாகப் பிராசஸரும் ரேமும் உண்டு. ரேம் 1 அல்லது 2 ஜி.பி. மட்டுமே உள்ள திரையில் வீடியோ ஆப், விளையாட்டு என்று நிரப்பினால் திணறத்தான் செய்யும். தேவையற்ற ஆப்களை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதன் பிறகும் மந்தம் என்றால் மட்டும் மாற்றுவது பற்றி யோசியுங்கள். வாங்கும்போது ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். கடையிலேயே உங்கள் போனை இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சுருக்கமாக, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

1. போனைக் கழற்றி, திரையின் வேகத்தைப் பாருங்கள்.
2. போனில் தனியாக மேப்பைப் பாருங்கள்.
3. குட்டையான, நல்ல டேட்டா கேபிள் போடுங்கள்.
4. போனை வெயிலிலிருந்து எடுங்கள், பேட்டரி சேவரை அணையுங்கள்.
5. இடம் காலி செய்யுங்கள், அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
6. ஆஃப்லைன் மேப் இறக்குங்கள்.
7. கடைசியாகத்தான் புதுத் திரை.

போகும் இடத்தைப் புறப்படும் முன்பே மேப்பில் கொடுத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றத்தில் சேரும். வழியில் திரை மந்தமானால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.