கருவின் முதல் பன்னிரண்டு வாரங்கள்: கணவன்மார் அறிய வேண்டியவை

கடைக்குச் சரக்கு வந்த நாளையும் விற்ற அளவையும் தவறாமல் பேரேட்டில் எழுதுகிற நம் சகோதரர்களில் சிலர், மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்ற நற்செய்தி கேட்டால், "பெருநாள் வியாபாரம் முடியட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம்" என்று சொல்லிவிடுகின்றனர். அதற்குள் வயிற்றில் என்னென்ன நடந்துவிடுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலாவது, கணக்கு. வைத்தியர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். மொத்தம் 280 நாள். அதாவது 40 வாரம். கரு உண்டாவதோ அந்நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே நாள் தள்ளிப்போனதைத் தாய் உணரும்போதே கணக்கில் நான்கு வாரம் கடந்திருக்கும்.

இரண்டாவது, வளர்ச்சி. ஐந்தாம் வாரம் முடியும் தறுவாயில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் ஆகப்போகும் குழாய் ஆறாம் வாரத்திற்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகில் பிளவுடன் குழந்தை பிறக்கக்கூடும். எட்டாம் வாரத்தில் சிசுவின் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். கை கால்கள் முளைத்திருக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் தலை முதல் பிட்டம் வரை ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. முக்கிய உறுப்புகள் யாவும் உருவாகிவிட்டிருக்கும். சிசு கை காலை அசைக்கும். ஆனால் தலைப்பிள்ளையைச் சுமக்கும் தாய் அதை உணர்வது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில்தான்.

மூன்றாவது, மருந்து. மேற்சொன்ன குழாய் சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் துணை செய்கிறது. முன்பு அக்குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்க்கு இதைக் கொடுத்தபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது என 1991-இல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, 12 வாரம் வரை உட்கொள்ள வேண்டும். முன்பு அத்தகைய பிள்ளை பெற்றவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டு அளவை அறிய வேண்டும். நீரிழிவுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் அவசியம்.

மசக்கைக்கு யாரோ சொன்ன மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடலாகாது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தை மசக்கைக்காகவும் தாய்மார் உண்டனர். 1961-இல் அது அங்கே நிறுத்தப்பட்டது. பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்திற்கும் அதிகமான குழந்தைகள் கை கால் குறைவு முதலிய ஊனங்களுடன் பிறந்தன. நாட்டு மருந்தாயினும் டாக்டரிடம் கேளாமல் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, பழிச்சொல். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை இம்முதற் பன்னிரண்டு வாரங்களில் நேர்பவை. இவற்றில் ஏறக்குறையப் பாதி, கருவின் குரோமோசோம் கோளாற்றால் நிகழ்கின்றன. மாடிப்படி ஏறினாள், குடம் தூக்கினாள் என்று மருமகளைக் குறை கூறுவது நியாயமன்று. அவளுக்கு அச்சமயம் வேண்டியது ஆறுதல்.

ஆகவே கணவன்மார் செய்ய வேண்டியவை இவை:

1. பன்னிரண்டு வாரத்திற்குள் மனைவியைக் கிளினிக்கில் பதிவு செய்து, இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுதல்.

2. வீட்டிற்குள் சிகரெட் பிடிக்காதிருத்தல். அப்புகை சிசுவுக்கும் கேடு.

3. இரத்தப் போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம், தண்ணீரும் தங்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரி செல்லுதல்.

4. ரமலான் நோன்பைப் பற்றி டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டறிதல். கர்ப்பிணிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

கடையை அரை நாள் சாத்தினால் போகும் வியாபாரம் மறுநாள் திரும்பிவரும். கருவின் ஆறாம் வாரமோ ஒரு முறைதான் வரும்.