மினி டிராக்டருக்குப் பின்பாரம் நாமே வார்க்கலாம்

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்று எழுதிவிடுவது சுலபம். நாலு ஏக்கருக்கு 20 டன். இருபது கிலோ கூடையில் அள்ளினால் ஆயிரம் கூடை. அள்ள ஆள் எங்கே? அதனால்தான் மஞ்சளுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் ஊடே ஓட்ட வாங்கிய மினி டிராக்டரில், முன்பக்கம் ஒரு லோடர் பக்கெட்டையும் மாட்டிக்கொள்கிறோம். எருக்குழியை அள்ள, கம்போஸ்ட் குவியலைப் புரட்ட, டிரெய்லரில் ஏற்ற என்று பல ஆள் வேலையை அது தனியாகச் செய்கிறது. தப்பில்லை. ஆனால் முன்னால் பக்கெட் மாட்டுகிற நம்மில் பலர் பின்னால் எதையும் மாட்டுவதில்லை.

நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரையில் குளத்து வண்டல் கொண்டுவந்து கொட்டியிருந்தோம். ஈரம் முழுசாகக் காயாத வண்டல். எரு அள்ளுகிற அதே பக்கெட்டில் அதையும் நிறைய அள்ளி, டிரெய்லர் உயரத்துக்குத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடது பின்சக்கரம் ஒரு சாண் உயரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கை தானாக லீவருக்குப் போய் பக்கெட்டை இறக்கியதால் வண்டி திரும்ப உட்கார்ந்தது. லோடரை மாட்டிக் கொடுத்த பட்டறைக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, முன்னாடி இத்தனை இரும்பையும் மண்ணையும் வெச்சுக்கிட்டு, பின்னாடி ஒண்ணுமில்லாம ஓட்டுனா அது சும்மா இருக்குமுங்களா?" என்றார். மாட்டிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். சரி, அது போகட்டும்.

கடப்பாரைக் கணக்கு

பாறையை நெம்பும்போது கடப்பாரைக்கு அடியில் ஒரு சின்னக் கல்லை அண்டை கொடுப்போம் இல்லையா, முன் அச்சு அந்தக் கல் மாதிரி. அதற்கு முன்னால் பக்கெட், பின்னால் டிராக்டர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். பக்கெட்டின் நடு, முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. அதில் 200 கிலோ ஏற்றினால், 200 x 1.2 = 240. அதை 1.5-ஆல் வகுத்தால் 160. அதாவது பின்சக்கரத்திலிருந்து 160 கிலோ காணாமல் போகிறது. அந்த 160 எங்கேயும் போய்விடவில்லை, முன் அச்சின் மேல் ஏறிக்கொள்கிறது. பக்கெட்டில் 200 கிலோதான், ஆனால் முன் அச்சு தாங்குவது கூடுதலாக 360 கிலோ. லோடரின் இரும்புச் சட்டம் ஏற்கெனவே திருடிய பங்கு இதில் சேரவில்லை.

பின்சக்கரம் லேசானால் என்ன ஆகும்? பெரும்பாலான டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். அது தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் சரிவில் பிரேக் மிதித்தும் வண்டி நிற்காது. அதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் ஆடும்படி அமைந்திருக்கிறது, மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்க. பக்கவாட்டில் சாயாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அகலமாக நிற்கிற இரண்டு பின்சக்கரங்கள்தான். அவை லேசானால் நாலு சக்கர வண்டி மூணு சக்கர வண்டியாகிவிடும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் போதும், கவிழ்ந்துவிடும்.

அப்புறம், அளவைக் கண்ணால் நம்பக்கூடாது. 200 லிட்டர் கொள்ளும் பக்கெட்டில் மக்கிய எரு ஏறக்குறைய 150 கிலோ வரும். அதே பக்கெட் நிறைய ஈர மண் என்றால் 340 கிலோ. நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

டயருக்குள் தண்ணீரா, பின்னால் கல்லா?

டயருக்குள் தண்ணீர் நிரப்புவது நம் ஊரில் பழைய வழக்கம். அது பின்சக்கரத்துக்குக் கனம் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் முன் அச்சின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது. பின் அச்சுக்கு நேர் மேலேயே இருக்கிற கனத்துக்கு நெம்பும் பலம் கிடையாது. அதே கனத்தைப் பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால், ஹைட்ராலிக் கைகளில் தொங்கவிட்டுப் பாருங்க. 240 கிலோ கல் என்று வைத்துக்கொள்வோம். 240 x 0.75 / 1.5 = 120. முன் அச்சிலிருந்து 120 கிலோ இறங்குகிறது. பின்சக்கரத்தில் 360 கிலோ ஏறுகிறது. முன் அச்சின் பேரிங்கும் ஸ்டியரிங்கும் பிழைத்துக்கொள்ளும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பலதானியம் விதைத்து மடக்கி உழுது, மூடாக்குப் போட்டு, மண்புழு திரும்பி வரும்படி மண்ணைப் பொலபொலப்பாக்க எத்தனை வருஷம் ஆகிறது! டயருக்குள் இருக்கிற தண்ணீர் நீங்கள் களை எடுக்கப் போனாலும் கூடவே வந்து அந்த மண்ணை மிதிக்கும். கல்லை மூன்று லிங்க் பின்னைக் கழற்றிக் களத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். எருக்குழியடியில் வேலை செய்யும்போது மட்டும் கனம், காட்டுக்குள் இறங்கும்போது கனம் இல்லை. அதனால் என் ஓட்டு கழற்றி வைக்கக்கூடிய பாரத்துக்குத்தான்.

புதிதாக எதையும் செய்வதற்கு முன் கொட்டகையைப் பாருங்க. மினி ரோட்டவேட்டரே 200 கிலோ பக்கம் இருக்கும். அதை மாட்டித் தூக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அது நீண்டுகொண்டு நிற்கும். எருக்குழி ஓரத்தில் பின்னுக்கு எடுக்கும்போது சுவரிலோ ஆள் மேலோ இடிக்கும். அடிக்கடி லோடர் வேலை இருப்பவர்களுக்குக் கட்டையான கல்தான் வசதி.

வார்க்கும் முறை

முதலில் டிராக்டர் கையேட்டில் ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்று பாருங்க. மினி டிராக்டர்களில் இது வண்டிக்கு வண்டி மாறும். 500 கிலோவும் உண்டு, 750-உம் உண்டு. அதில் பாதிக்கு மேல் போகாதீங்க. தூக்க முடிவது வேறு, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு குலுங்குவது வேறு.

அச்சாக 200 லிட்டர் இரும்பு டிரம்மில் பாதி போதும். அகலம் 57 செ.மீ., பாதி உயரம் 44 செ.மீ. அளவில் வரும். உள்ளே 100 லிட்டர் கான்கிரீட், எடை 240 கிலோ. பூச்சிமருந்து வந்த டிரம் நம் தோட்டத்துக்குள்ளேயே வர வேண்டாம். ஆயில் டிரம் என்றால் ஒரு எச்சரிக்கை: காலி ஆயில் டிரம்மை கேஸ் கட்டரால் வெட்டாதீங்க, வெல்டிங் வைக்காதீங்க, கிரைண்டரும் வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிர் போயிருக்கிறது. கழுவிவிட்டோமே என்று சொல்லாதீங்க, மடிப்பு விளிம்பில் எண்ணெய் தங்கும். மூடிகளைத் திறந்து வைத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு, உளியும் சுத்தியலும் வைத்து வெட்டுங்க. சத்தம் வரும், நேரம் ஆகும், பரவாயில்லை.

அடுத்தது குறுக்கு ராடு. இதுதான் மொத்தக் கனத்தையும் சுமக்கப் போகிறது, இதில் சிக்கனம் பார்க்காதீங்க. வழக்கமான அளவு லிங்கேஜில் கீழ்க் கை இரண்டுக்கும் நடுவே ராடின் தோள் அகலம் 683 மி.மீ., முனை 22 மி.மீ. கனம், மேலே டாப் லிங்க் துளை 19 மி.மீ. அப்படியானால் 57 செ.மீ. டிரம்முக்கு வெளியே பக்கத்துக்கு ஐந்தரை செ.மீ. ராடு நீட்டிக்கொண்டு சரியாகப் பொருந்தும். சில மினி டிராக்டர்களில் இது குறுகலான லிங்கேஜ், 400 மி.மீ.தான். அதற்கு இந்த டிரம் உள்ளே நுழையாது. பலகை அடித்து 35 செ.மீ. அகலப் பெட்டியாகச் செய்துகொள்ள வேண்டும். ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியை அளந்த பிறகே லேத் பட்டறைக்குப் போங்க. 32 மி.மீ. ராடு வாங்கி இரண்டு முனையையும் 22-க்குக் கடைந்து, கழன்று வராமல் பூட்டுகிற சின்ன பின்னுக்கு ஓட்டையும் போட்டு வாங்குங்க.

டிரம்மின் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு ராடை நுழையுங்க. டிரம்மின் நட்ட நடுவே போடாமல் டிராக்டர் பக்கமாக நாலு விரல் தள்ளிப் போட்டால், கல் பி.டி.ஓ. தண்டிலும் இழுவைக் கொக்கியிலும் இடிக்காது. ராடின் மேல் 50 x 10 பட்டை இரண்டை 5 செ.மீ. இடைவெளி விட்டு நிமிர்த்தி வெல்டிங் வைக்க வேண்டும். ராடிலிருந்து 46 செ.மீ. உயரத்தில் டாப் லிங்க் துளை. அதாவது கான்கிரீட்டுக்கு மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். ராடு உள்ளே சுழலாமல் இருக்க 12 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டுகளைக் குறுக்கே பற்றவைத்து விடுங்க. இந்த வெல்டிங் எல்லாம் டிரம்முக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். பட்டை அமைப்பை வெறும் ராடில் செட் பண்ணுவதற்காக டிரம்மில் மேலிருந்து கீழாக வெட்டி ராடை இறக்கி, வெட்டை ஒரு தகடு வைத்துக் கட்டி அடைத்தாலும் சரிதான். சிமெண்டுப் பால் ஒழுகாமல் இருந்தால் போதும்.

கலவை 1:2:4. ஒரு மூட்டை சிமெண்டில் ஏறக்குறைய 150 லிட்டர் கான்கிரீட் வரும், ஆகவே நமக்கு முக்கால் மூட்டைக்குள் முடியும். பழைய கலப்பைக் கொழு, உடைந்த கியர், சங்கிலி எதுவாக இருந்தாலும் உள்ளே போடலாம். இரும்பு கான்கிரீட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். ராடைச் சுற்றி மட்டும் வெறும் கலவை நன்றாக இறங்கட்டும், குத்திக் குத்தி விடுங்க. ஒரு வாரம் ஈரச்சாக்கு. ஒரு மாதம் கழித்துத் தூக்குங்க. அவசரப்பட்டால் ராடடியில் விரிசல் விடும்.

மாட்டி ஓட்டும்போது

பக்கத்து எடைமேடையில் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி, பக்கெட் நிறைய மண்ணோடு ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. லோடரே இல்லாத வண்டியின் பின்சக்கர எடை என்னவோ, அதற்குக் குறையாமல் இருந்தால் எனக்குத் திருப்தி. குறைந்தால் கல்லின் மேல் ஒரு பழைய இரும்பைக் கட்டலாம், அல்லது பக்கெட்டை முக்காலாக அள்ளலாம். இரண்டாவதுதான் செலவில்லாதது.

கல் இருக்கிறது என்ற தைரியத்தில் பக்கெட்டை உயர்த்திக்கொண்டு ஓட்டாதீங்க. முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்குவது டிரெய்லர் ஓரம் வந்த பிறகு. பக்கெட் நிறைய இருந்தால் மேட்டில் முன்னோக்கி ஏறுங்க, இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்க. மாறாக, பக்கெட் காலியாகப் பின்னால் கல்லோடு செங்குத்து மேட்டில் ஏறினால் முன்சக்கரம் எழும்பும், அதையும் நினைவில் வையுங்க. கல் ஆடாதபடி பக்கச் சங்கிலிகளை இறுக்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்து ஓட்டினால் போதும். தொங்குகிற கல்லுக்கு அடியில் கையையோ காலையோ விட்டு பின் மாட்டக் கூடாது. குழந்தைகள் ஏறி உட்கார அது நல்ல இடமாகத் தெரியும், முதல் நாளே சொல்லிவிடுங்க.

வேலை முடிந்ததும் சமதளத்தில் இரண்டு பலகைத் துண்டின் மேல் இறக்கி வைத்து, டாப் லிங்க்கை முதலில் கழற்றி, பிறகு கீழ்க் கைகளைக் கழற்றுங்க. அதே இடத்தில், அதே திசையில் வைத்தால் அடுத்த தடவை ஒரே ஆள் ரிவர்ஸ் எடுத்து ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம்.