ஓசூரில் வீடு, பொம்மசந்திராவில் வேலை: பிடித்த வரியைத் திரும்ப வாங்குங்கள்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகும் காண்ட்ராக்ட் ஆட்கள் சிலருக்கு, நிறுவனம் சம்பளம் என்று கணக்கெழுதாமல் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிடும். மாதம் 22,000 ரூபாய் என்றால் கைக்கு வருவது 19,800. வருடத்துக்கு 26,400 ரூபாய் போய்விடுகிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லையென்றால் அந்தப் பணம் முழுக்க உங்களுடையது. ஆனால் ரிட்டர்ன் போடாமல் வராது. ‘நமக்குத்தான் வரி இல்லையே, எதற்கு ரிட்டர்ன்’ என்று இருப்பவர்கள்தான் இழக்கிறார்கள்.

கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஐந்து வருடம் முடியுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் பிடித்தம். பான் தராவிட்டால் 20.

முதலில் வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது அதில் இருக்கும். பிடித்தது அங்கே இல்லையென்றால், சம்பளச் சீட்டோடு போய்க் காண்ட்ராக்டரைக் கேளுங்கள். கட்டணக் கணக்குக்கு ஐடிஆர்-1 ஒத்துவராது. எந்தப் படிவம் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. ரீஃபண்டில் பங்கு கேட்டு, இல்லாத வீட்டுக்கடனையும் நன்கொடையையும் எழுதித் தரும் ஏஜெண்டிடம் மட்டும் போகாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் போனை எடுக்கமாட்டார்.

வீடு தமிழ்நாடு, கம்பெனி கர்நாடகம் என்பது வருமான வரிக்கு ஒரு பொருட்டே அல்ல. ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மத்திய மையம்கூட நீங்கள் தினமும் போகிற அதே ஓசூர் சாலையில்தான் பெங்களூரில் இருக்கிறது (நேரில் போய்ப் பயனில்லை, எல்லாம் ஆன்லைன்). தொழில் வரி வேறு. மாதச் சம்பளம் 25,000 ரூபாயை எட்டினால் கர்நாடகம் மாதம் 200, பிப்ரவரியில் 300 ரூபாய் பிடிக்கும். ஐடி ரீஃபண்டில் அது திரும்பாது.

பலருடைய ரீஃபண்ட் கடைசிப் படியில்தான் மாட்டுகிறது. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி மூலம் செய்தால், அது ஆதாரில் உள்ள மொபைல் எண்ணுக்கே வரும். ஊரில் வாங்கிய பழைய சிம் செத்துப்போயிருந்தால், ஆதார் மையத்தில் புது எண்ணைச் சேர்த்த பிறகு ரிட்டர்னில் கை வையுங்கள். வங்கிக் கணக்கையும் அதே தளத்தில் சரிபார்த்து வைத்திருந்தால்தான் பணம் ஏறும்.