பூட்டியும் தப்பிக்கும் பாம்பு

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மகன் ஆசைப்பட்டு வாங்கிய கார்ன் ஸ்நேக் குட்டி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு முறை வெளியே வந்துவிட்டது. மூடிமேல் கனமான புத்தகங்களை அடுக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பயப்படாதீர்கள், கார்ன் ஸ்நேக்குக்கு விஷம் கிடையாது. வெளியே வந்தால் உங்களைவிட அதற்குத்தான் ஆபத்து.

தலை நுழைகிற சந்தில் பாம்பின் முழு உடம்பும் நுழைந்துவிடும். குட்டியோ பென்சில் பருமன்தான். இரவில் மூக்கால் மூடியின் ஓரத்தை நெம்பிக்கொண்டே இருக்கும். ஒரு மூலை லேசாகத் தூக்கினால் போதும். புத்தகங்களை எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒயர் போகும் துளையையும் அடையுங்கள். உள்பக்கம் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் தோல் பிய்ந்துவிடும்.

சூடும் மறைவிடமும் சரியில்லாத பாம்பு, வெளியேற வழி தேடிக்கொண்டே இருக்கும். பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24 டிகிரி இருக்கட்டும். பெட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட்டைக் கட்டாயம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். இல்லையென்றால் வயிறு வெந்துவிடும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வையுங்கள்.

மறுபடி காணாமல் போனால் ஃப்ரிட்ஜின் பின்புறம், ரேடியேட்டர் அடி போன்ற கதகதப்பான இடங்களில் தேடுங்கள். இரவில் வாசல்படிகளில் கொஞ்சம் மைதா தூவி வைத்தால், அது போன தடம் காலையில் தெரியும்.

பெட்டியை ஒவ்வொரு முறை மூடியதும் கிளிப்புகளை இழுத்துப் பார்ப்பதை மகனின் பொறுப்பாக்குங்கள். பாம்பு வளர்ப்பவருக்கு இதுதான் முதல் பாடம்.